தலைக்கு ஊத்தி ரெண்டு மாசம்

பவானேஸ்வரிக்கு மருத்துவப் படிப்பு கிடைக்கவில்லை என்ற செய்தி மலாக்காப் பக்கம் புக்கிட் பெருவாங்கில் அவள் குடியிருந்த தாமான் குடியிருப்பு முழுக்கப் பரவ ஒரு பொழுது போதுமாக இருந்தது. கிடைத்திருந்தால் இத்தனை வேகமாகப் பரவியிருக்குமா என்று கேட்டால், சந்தேகம்தான். பிள்ளை ஆறாம் படிவத்தில் கால் வைத்த நாளிலிருந்தே 'டாக்டரம்மா' என்று கூப்பிட்டுப் பழகிய அக்கம்பக்கத்துக்காரர்கள் இப்போது பார்த்த இடத்தில் எல்லாம் நிறுத்தி வைத்து, பரவாயில்லை லா, வேறு ஏதாவது படிக்கலாம் லா என்று ஆறுதல் சொன்னார்கள். அந்த ஆறுதலுக்குப் பயந்தே அவள் கொஞ்ச நாள் கடைப்பக்கம் தலைகாட்டவில்லை.

அது தொண்ணூற்றேழாம் வருஷம். மருத்துவம் இல்லை, தாவரவியல் தருகிறோம், வந்து படி என்று பல்கலைக்கழகத்திலிருந்து பதில் வந்திருந்தது. அப்பா காந்தன், செங் வட்டாரத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர் கீப்பர். அளந்து பேசுகிற மனுஷன். செடியும் உயிர்தானே, அதற்கு வைத்தியம் பார்த்தால் என்ன குறைச்சல் என்பது அவர் கட்சி. பவானி ஒற்றைக் காலில் நின்றாள். ஒரு வருஷம் கொடுங்கள், மறுபடியும் மருத்துவத்துக்கு விண்ணப்பம் போடுகிறேன், அப்போதும் கிடைக்காவிட்டால் செடியோ கொடியோ எதைச் சொன்னாலும் வாயைத் திறக்காமல் படிக்கிறேன் என்றாள். காந்தன் மனைவியைப் பார்த்தார். கமலவேணி சுவரைப் பார்த்தாள். ஒரு வருஷம் என்று முடிவானது.

ஏன் கிடைக்கவில்லை என்பது மற்றவர்களுக்கு வேண்டுமானால் மர்மமாக இருக்கலாம். பவானிக்கு நன்றாகவே தெரியும். பௌதிகத்தில் கொஞ்சம் சறுக்கியது உண்மைதான், அதை மறுபடி எழுதிச் சரிக்கட்டிவிடலாம். சறுக்கல் அது இல்லை. நேர்முகத் தேர்வில் கண்ணாடி போட்ட ஒரு மலாய்ப் பேராசிரியை, எதற்கு டாக்டராக வேண்டும் என்று கேட்டார். ரப்பர்த் தோட்டத்து மக்களுக்குச் சேவை செய்ய என்று பவானி, மனப்பாடம் பண்ணி வைத்திருந்ததை மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். அந்த அம்மா தலையை ஆட்டிவிட்டு, தோட்டத்தில் உனக்கு யாரைத் தெரியும் என்றார். நிறைய பேரைத் தெரியும் என்றாள் இவள். சரி, ஒரு பெயர் சொல்லு என்றார் அவர். பேருந்து ஜன்னல் வழியாகவும் வருஷத்துக்கு ஒரு தரம் மாரியம்மன் திருவிழாவிலும் தவிர தோட்டத்தைப் பார்க்காத பிள்ளைக்கு எந்தப் பெயர் வாயில் வரும்? பேராசிரியை சிரித்தபடி அடுத்த கேள்விக்குப் போய்விட்டார், அந்தச் சிரிப்பு பவானியை வீடுவரை துரத்திக்கொண்டு வந்தது.

ஆகவே அந்த ஒரு வருஷத்தில் பௌதிகப் புத்தகத்தை மட்டும் கட்டிக்கொண்டு அழுவதில் பிரயோசனமில்லை என்பது அவளுக்கு உறைத்திருந்தது. டுரியான் துங்கல் பட்டணத்தில் டாக்டர் யாப் என்ற சீன டாக்டரின் கிளினிக்கில் தமிழ் பேசத் தெரிந்த ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டாள். அங்கே இருந்த ஜெயமணி என்ற பெண் கல்யாணமாகிப் போய்விட்டாளாம். சுற்றிலும் ரப்பரும் செம்பனையுமாகத் தோட்டங்கள். தோட்டத்துச் சின்ன ஆஸ்பத்திரிகள் ஒவ்வொன்றாக மூடிவிட்டதால் சனங்கள் பட்டணத்து கிளினிக்கைத் தேடித்தான் வந்தாக வேண்டும். டாக்டருக்குத் தமிழில் 'வலி', 'எங்க', 'எத்தனை நாளு' என்ற மூன்றும்தான் சரளம். மற்றதை எல்லாம் கேட்டு மலாயில் சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்தது. பவானி போய் நின்றாள். தமிழ் தெரியுமா என்று அவர் கேட்டதற்கு, ஐந்தாம் படிவத்துத் தமிழில் ஏ வாங்கியவள் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்.

சும்மா சொல்லக்கூடாது, வேலையில் அவள் சுறுசுறுப்புதான். பெயர் பதிவாள், மாத்திரை எண்ணிப் போடுவாள், இருமுகிற கிழவரை நாற்காலியில் உட்கார வைத்து விசிறுவாள். ஆனால் வாயைத் திறந்தால் சனங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். "ஐயா, தங்களுக்கு எத்தனை நாட்களாகக் காய்ச்சல்?" என்று அவள் கேட்டால், முனியாண்டி என்ற, ரப்பர்ப் பால்மரம் வெட்டும் பெரியவர் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பார். தன்னைப் போய் யாரும் 'தங்களுக்கு' என்று கேட்டதில்லை. ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரியே பேசுது பாரு என்று சொல்லிச் சொல்லி, அவளுக்கு 'நியூஸ் புள்ள' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பவானி அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டாள், பாவம்.

அந்த வருஷம் அண்டை நாட்டுக் காடுகள் எரிந்து வானத்தை மூடிய புகையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அக்டோபர் வந்தும் விலகவில்லை. மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு சனங்கள் இருமிக்கொண்டே வந்து கிளினிக் வாசலில் நிறைந்திருந்த ஒரு காலையில்தான் ஒன்பதாவது மைல்கல்லிலிருந்து இருசம்மாள் மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஒன்பதாம் கட்டைத் தோட்டம். மருமகள் பெயர் பாக்கியலட்சுமி, முப்பதை நெருங்கியவள், செங் பக்கம் தொழிற்சாலைக்கு வேன் ஏறிப் போகிறவள். மகன் கணேஸ்வரன் கூடவே வந்து டாக்டர் அறையின் கதவோரம் நின்றுகொண்டான். சாப்பிட்டது எதுவும் தங்குவதில்லை, எல்லாம் வாந்தியாகப் போகிறது, வயிறு எரிகிறது என்பது முறையீடு.

டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஒரு கேள்வி கேட்கச் சொன்னார். வாந்தி என்று வருகிற கல்யாணமான பெண்ணிடம் எந்த டாக்டரும் கேட்கிற கேள்விதான். மாதா மாதம் வருவது ஒழுங்காக வருகிறதா, கடைசியாக எப்போது வந்தது?

பவானிக்கு முகம் சிவந்துவிட்டது. கதவோரம் ஆம்பளை நிற்கிறான். அவள் குரலை அடக்கிக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஒரே சொல்லில் கேட்டாள்: மாதவிடாய் சீராக வருகிறதா அக்கா? பாக்கியலட்சுமி அந்தச் சொல்லை அதற்குமுன் காதால் கேட்டதில்லை. என்னமோ மாசம், என்னமோ விடை. மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். இருசம்மாள் முந்தானையால் வாயை ஒற்றிக்கொண்டு, மேசைப்பக்கம் குனிந்து, பவானிக்கு மட்டும் கேட்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்:

"தலைக்கு ஊத்தி ரெண்டு மாசம் ஆச்சு தாயி."

சொல்லிவிட்டு அவள் பவானியின் முகத்தையே பார்த்தாள். ஏதோ நல்ல வார்த்தைக்குக் காத்திருப்பவள் போன்ற பார்வை அது. பவானிக்கோ வேறு விதமாக விளங்கியது. உடம்பு சரியில்லாதபோது தலைக்குக் குளிக்க மாட்டார்கள், அவள் வீட்டிலும் அப்படித்தான். நாம் ஒன்று கேட்டால் இந்த அம்மா தலைமுடியைப் பற்றி ஒன்று சொல்கிறாளே என்று நினைத்தாள். திரும்பக் கேட்டிருக்க வேண்டும். வெளியே கூட்டம், உள்ளே அந்தக் கணேஸ்வரன், காதில் தன் குரலே தனக்குக் கூச்சமாக இருந்தது.

"நார்மல், டாக்டர்" என்றாள்.

போன மாதமும் வந்ததா என்று கேட்டார் டாக்டர். வந்தது என்று தலையை ஆட்டினாள். யாரும் சொல்லாத பதில் அது. அவளாகவே போட்டுக்கொண்டது.

குடலில் புண் இருக்கலாம், பார்த்துவிடுவோம் என்றார் டாக்டர் யாப். மலாக்கா டவுனில் ஒரு இடத்துக்கு போன் பண்ணி மறுநாள் காலைக்கே நேரம் வாங்கினார். வெறும் வயிற்றோடு போய் வெள்ளையாக ஒரு மருந்தைக் குடிக்க வேண்டும், அது இறங்க இறங்க வயிற்றை எக்ஸ்ரே படம் எடுப்பார்கள். பவானி அதை எல்லாம் பிசகில்லாமல் தமிழில் எடுத்துச் சொன்னாள். இருசம்மாள் எழுந்திருக்கவில்லை. "புண்ணுதானாமா? வேற ஒண்ணும் இல்லியாமா?" என்று கேட்டாள்.

"வேற ஒண்ணும் இல்லம்மா. பயப்படாதீங்க" என்றாள் பவானி, மலர்ந்த முகத்தோடு.

மாமியார் முகமும் மருமகள் முகமும் ஒரே நேரத்தில் சுண்டிப்போயின. எக்ஸ்ரே என்றால் தோட்டத்துச் சனங்களுக்குப் பயம் என்று பவானி நினைத்துக்கொண்டாள். அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது கமலவேணி சமையல்கட்டில் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். பவானி அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அன்றைக்கு நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். சிரிக்க வைக்கத்தான் சொன்னாள், அதையும் சொல்லிவிட வேண்டும். இந்தத் தோட்டத்துப் பொம்பளைங்க இருக்காங்களே, ரெண்டு மாசமா தலைக்கே குளிக்கலையாம்மா, எப்படித்தான் அரிக்காம இருக்குதோ என்றாள். கமலவேணியின் கை நின்றது.

"அந்தம்மா என்ன சொன்னாங்க? அப்படியே சொல்லு."

"தலைக்கு ஊத்தி ரெண்டு மாசம் ஆச்சுன்னு."

"மருமவளுக்கு வாந்தியா?"

"ஆமா. ஏன்?"

கமலவேணி கையில் இருந்ததைத் தட்டில் போட்டாள். "அது குளிக்கிறது இல்லடி. மாசா மாசம் தூரமாயி, முடிஞ்சு ஊத்திக்கிறாங்களே, அது. ரெண்டு மாசமா அது இல்லன்னா அவ வயித்துல புள்ள இருக்கு."

எக்ஸ்ரே. நாளைக்குக் காலை. பவானி படித்த உயிரியல் புத்தகத்தில், வயிற்றுப் பிள்ளைக்கு எக்ஸ்ரே ஆகாது என்ற வரி எந்தப் பக்கத்தில் எந்த மூலையில் இருந்தது என்பதுகூடக் கண்முன் வந்தது. எழுந்து ஓடிப்போய் கிளினிக்குக்கு போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. பூட்டிவிட்டார்கள். டாக்டர் வீட்டு நம்பர் அவளிடம் இல்லை. ஒன்பதாம் கட்டையில் யார் வீட்டில் போன் இருக்கிறது, யாருக்குத் தெரியும்?

திரும்பி வந்து அம்மாவைப் பார்த்தாள். பயம் எல்லாம் கோபமாக மாறி அம்மா மேலே பாய்ந்தது. "ஒனக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்கு ஏம்மா சொல்லித் தரல?"

கமலவேணி ஜாசின் பக்கம் ஒரு தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவள். கல்யாணமாகி ஊருக்கு வந்த புதிதில் அவள் பேச்சைக் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள். அன்றைக்கு மூடினாள் அந்த வாயை. தோட்டக்காட்டுப் பேச்சு ஒன்றுகூட மகள் காதில் விழாமல் வளர்த்தாள். மகள் பெரியவளானபோதுகூட 'பீரியட்' என்று இங்கிலீஷில்தான் சொல்லிக்கொடுத்தாள். இத்தனையும் மகளிடம் சொல்ல அப்போது நேரமில்லை. "நீ டாக்டராவணும்னுதான்டி" என்று மட்டும் சொன்னாள். நெத்திலித் தட்டை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

விடிந்ததும் காந்தன் எதுவும் கேட்காமல் மோட்டார் சைக்கிளை வெளியே எடுத்தார். புகைக்குள் முன்விளக்கைப் போட்டுக்கொண்டு டவுனுக்கு வந்தார்கள். எக்ஸ்ரே எடுக்கிற இடத்து வாசலில் இறக்கிவிட்டு, நான் உள்ளே வரவில்லை, நீயே போய்ச் சொல் என்றார். அவர் கடுமையாகச் சொல்லவில்லை. ஆனாலும் பவானிக்கு அழுகை வந்தது.

உள்ளே பெஞ்சில் இருசம்மாள் இருந்தாள். பாக்கியலட்சுமி அங்கே கொடுத்த பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். உள்ளேயிருந்து ஒரு பெண் கையில் குவளையோடு வந்துகொண்டிருந்தாள். வெள்ளை மருந்து. பவானி ஓடவில்லை, ஓட அவளுக்கு தைரியம் இல்லை. நடந்துபோய் பாக்கியலட்சுமியின் முன்னால் நின்றாள்.

"அக்கா, அதக் குடிக்காதீங்க."

டாக்டர் வேண்டாமென்று சொல்லிவிட்டாரா என்று கேட்டாள் பாக்கியலட்சுமி. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்ததை பவானி பிறகு பல நாள் நினைத்துக்கொள்வாள்.

"டாக்டர் சொல்லலக்கா, நான்தான் சொல்றேன். நேத்து அம்மா சொன்னது எனக்குப் புரியல. புரியாமலே எல்லாம் நார்மல்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டேன்."

இருசம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப டாக்டரு இல்லன்னு சொல்லலியா?"

"டாக்டருக்குத் தெரியவே தெரியாதும்மா."

பாக்கியலட்சுமி சொல்லச் சொல்லத்தான் பவானிக்கு முழுசும் விளங்கியது. அவர்கள் வயிற்றெரிச்சலுக்கு மருந்து வாங்க வரவில்லை. ஒன்பது வருஷமாகப் பிள்ளையில்லாத வீடு. நடுவில் ஒன்று உண்டாகிக் கலைந்தும் போயிருக்கிறது. இந்தத் தடவை வாய்விட்டுச் சொன்னால் கண்ணு பட்டுவிடும் என்று, மகனிடம்கூடச் சொல்லாமல், பெரியவள் வாயைப் பொத்திக்கொண்டு டாக்டரிடம் கூட்டி வந்திருக்கிறாள். டாக்டர் வாயால் அதைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். அங்கே இந்த நியூஸ் புள்ள, வேற ஒண்ணும் இல்லம்மா என்று சிரித்துக்கொண்டே சொல்லி அனுப்பியிருக்கிறாள். ராத்திரி பூராவும் அழுதா இவ என்று மட்டும் சொன்னாள் இருசம்மாள். திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது பவானிக்கு. குவளையோடு வந்த பெண் முணுமுணுத்துக்கொண்டே அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள்.

மூன்று பேரும் பஸ் பிடித்து டுரியான் துங்கலுக்குத் திரும்பினார்கள். பவானி டாக்டரிடம் நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். அவர் முகத்தில் எதுவும் காட்டவில்லை. சிறுநீர் வாங்கிச் சோதித்தார். பிறகு பவானியை மொழிபெயர்க்க விடாமல், தானே பாக்கியலட்சுமி பக்கம் திரும்பி, அன்றைக்குப் புதிதாகக் கற்ற தமிழையும் சேர்த்து, "பேபி. ரெண்டு மாசம். குட்" என்றார். பாக்கியலட்சுமி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். இருசம்மாள் எழுந்து நின்று அந்தச் சீன டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அவர்கள் போனபிறகு டாக்டர் பவானியை உட்காரச் சொன்னார். நீ சொன்னதை நம்பி நானும் சோதிக்காமல் விட்டேன், அது என் தப்பு என்றார். பிறகு சொன்னார்: "உனக்கு ஒரு சொல் தெரியாதது தப்பே இல்லை. எனக்கு அந்த மொழியே தெரியாது. தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல். நார்மல் என்று சொல்வது என் வேலை." வேலை போயிற்று என்றுதான் நினைத்தாள் பவானி. நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரம் வா, கூட்டம் இருக்கும் என்று அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அதற்குப் பிறகு நியூஸ் புள்ளையின் வாயில் வேறொரு பேச்சு வந்துவிட்டது. அப்படின்னா என்ன? கை காந்துது என்பார்கள். அப்படின்னா என்ன? நெஞ்சு கரிக்குது. அப்படின்னா எப்படி, எரியுதா, குத்துதா? முதலில் சனங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. தமிழச்சிக்குத் தமிழ் தெரியலயா என்று முனியாண்டி நேராகவே கேட்டுவிட்டார். தெரியல ஐயா, சொல்லுங்க என்றாள். மனுஷன் குளிர்ந்துபோய், தன் முழங்கால் எப்படி எப்படி எல்லாம் வலிக்கிறது என்று அரை நாள் சொன்னார். வீட்டிலும் கமலவேணியைப் பிடித்துக்கொண்டாள். முதலில் அவள் மழுப்பினாள், பிறகு மெல்ல மெல்ல அவிழ்த்தாள். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு தாயும் மகளும் தோட்டத்துப் பேச்சில் பேசிச் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டே காந்தன் பேப்பர் படிப்பார். அதே பேப்பரின் அதே பக்கத்தை வெகுநேரம் படிப்பார். அவர் தொழிற்சாலையில் அப்போது ஓவர்டைம் நின்றுபோயிருந்த சமயம், ஆனாலும் அந்த வீட்டில் சிரிப்பு குறையவில்லை.

வருஷக் கடைசியில் பௌதிகத்தை மறுபடி எழுதினாள். இந்தத் தடவை சறுக்கவில்லை. அடுத்த மே மாதம் அதே பல்கலைக்கழகத்தில் நேர்முகத் தேர்வு. கிளம்புகிற அன்றைக்கு வாசலில் நின்று கமலவேணி, கிளினிக்கில் நல்லது எவ்வளவோ செய்திருக்கிறாய், அதை மட்டும் சொல், அந்த எக்ஸ்ரே விஷயத்தை வாயே திறக்காதே என்று படித்துப் படித்துச் சொன்னாள். காந்தன்கூட ஆமோதித்துத் தலையாட்டினார். பவானியும் சரி என்றாள். சரி என்று சொல்லும்போது அவள் நினைப்பும் அதுதான். இது போனால் செடிதான், வாக்குக் கொடுத்தாகிவிட்டது.

போய்ப் பார்த்தால் மேசைக்கு அந்தப் பக்கம் அதே கண்ணாடி போட்ட பேராசிரியை. அவருக்கு ஞாபகம் இருந்தது. பழைய தாள்களைப் புரட்டிவிட்டு, போன வருஷம் தோட்டத்து மக்களை நிறைய தெரியும் என்றாயே, ஒரு வருஷம் அவர்கள் நடுவிலேயே இருந்திருக்கிறாய், இப்போது அவர்களை நன்றாகப் புரிந்துகொண்டாயா என்று கேட்டார்.

புரிந்துகொண்டேன் என்பதுதான் பதில். அறையில் இருந்த எல்லோரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். அது பொய்கூட இல்லை, முக்கால்வாசி உண்மை. பவானி வாயைத் திறந்தாள். டாக்டர் யாப் அறையில் கதவோரம் கணேஸ்வரன் நின்ற அந்தக் காலை, என்ன காரணமோ, அப்போது அவளுக்கு ஞாபகம் வந்தது. நார்மல் என்று சொல்ல எவ்வளவு சுலபமாக இருந்தது!

"தெரியாது பேராசிரியர். கொஞ்சம் கொஞ்சம்தான் தெரியும்" என்றாள். எப்படித் தெரியாது என்று தெரிந்தது என்று அவர் கேட்டார். சொன்னாள். தலைக்கு ஊத்தியதிலிருந்து வெள்ளை மருந்துவரை எதையும் விடாமல், தனக்குச் சாதகமாக எதையும் சேர்க்காமல் மலாயில் சொன்னாள். பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர், ஆக நீ ஒரு நோயாளியை ஆபத்தில் தள்ளினாய் என்றார். ஆமாம் சார் என்றாள். அந்தப் பெண்ணின் பெயர் என்ன என்று பேராசிரியை கேட்டார்.

"பாக்கியலட்சுமி. மாமியார் பெயர் இருசம்மாள். ஒன்பதாம் கட்டைத் தோட்டம்."

பேராசிரியை சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார். போகலாம் என்றார்கள். ரயிலில் வரும்போது பவானி, அம்மாவிடம் என்ன சொல்வது என்று யோசித்து யோசித்து ஒன்றும் தோன்றாமல் தூங்கிப்போனாள்.

ஜூன் மாதக் கடைசியில் ஒரே வாரத்தில் இரண்டு சேதி வந்தன. பவானிக்கு மருத்துவம் கிடைத்திருந்தது. பாக்கியலட்சுமிக்கு ஆண் பிள்ளை பிறந்து முப்பது நாள் ஆகிறது, முப்பதாம் நாள் விசேஷத்துக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லி இருசம்மாள் கிளினிக்கில் ஆள் விட்டிருந்தாள். தாமான் முழுக்க முதல் சேதி பரவ மூன்று நாள் ஆனது என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

பவானி ஒன்பதாம் கட்டைக்குப் போனாள். கமலவேணியும் கூடப் புறப்பட்டாள், இருபது வருஷத்துக்குப் பிறகு அவள் ஒரு தோட்டத்து லயத்துக்குள் நுழைகிறாள். போன சூட்டிலேயே அங்கிருந்த பொம்பளைகளோடு உட்கார்ந்து வெங்காயம் உரிக்க ஆரம்பித்துவிட்டாள், அவள் பேச்சும் மாறிவிட்டது. பாக்கியலட்சுமி காலை நீட்டி உட்கார்ந்து, காலின்மேல் பிள்ளையைப் போட்டு வெந்நீர் வார்த்துக்கொண்டிருந்தாள். வா நியூஸ் புள்ள, இவனுக்குத் தலைக்கு ஊத்தறோம் பாரு, இது நெசமாவே குளிக்கிறதுதான் என்றாள். லயமே சிரித்தது. பவானியும் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தாள்.

சாப்பாடு முடிந்து கிளம்புகிற நேரம். இருசம்மாள் அவளை வழியனுப்ப வாசல்வரை வந்தாள். கையைப் பிடித்துக்கொண்டாள், விடவில்லை. என்னமோ சொல்ல வருவதும் விழுங்குவதுமாக இருந்தாள். கணேஸ்வரன் அந்தப் பக்கமாகப் பாய் சுருட்டிக்கொண்டு போனான். அவன் போகிறவரை பொறுத்திருந்துவிட்டு, மெதுவாக, பவானிக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"எனக்கு ரொம்ப நாளாவே அடி எறங்குது தாயி."

பவானி அந்தச் சொல்லை அதற்குமுன் கேட்டதில்லை. பஸ் வரும் நேரம். அம்மா ரோட்டோரம் போய் நின்று கையைக் காட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒரு தலையாட்டு போதும், பார்த்துக்கலாம்மா என்று ஒரு வார்த்தை போதும், பஸ்ஸைப் பிடித்துவிடலாம்.

"எனக்குத் தெரியலம்மா" என்றாள். "அப்படின்னா என்ன?"

இருசம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். பவானி செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். இருசம்மாள் அடிவயிற்றைத் தொட்டு, புள்ளப்பை கீழே இறங்கி வருவதைக் கையால் காட்டிச் சொல்லத் தொடங்கினாள். பஸ் வந்து நின்று போகிற சத்தம் கேட்டது.